மெத்தையில் கிடந்த சம்பளம்

உருளைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது குளியலறையில், சோப்பு எடுக்கக் குனிந்தபோது. வேலை செய்கிற இடத்தில் பிடித்திருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளக் கௌரவமாக இருந்திருக்கும். சோப்பு! அதுவும் கரைந்து கரைந்து நகம் அளவுக்கு வந்துவிட்ட சோப்பு. "மடக்" என்று ஒரு சத்தம். குனிந்தவர் குனிந்தபடியே வெளியே வந்தார். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவி நிமிர்ந்து பார்த்து, "என்னங்க தேடறீங்க?" என்று கேட்டாள். தேடவில்லை, இனிமேல் இப்படித்தான் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

உருளை என்பது அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. மெத்தைக் கம்பெனியில் வைத்தது. அவருடைய வேலை, கம்பெனியில் தயாராகிற ஒவ்வொரு மெத்தையிலும் படுத்து உருண்டு பார்ப்பது. சிரிக்காதீர்கள். இப்படித்தான் ஊரே சிரிக்கிறது, அதனால்தான் இந்தக் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் இருக்கிற கஷ்டம் சிரிக்கிறவர்களுக்குத் தெரியாது. முதலில் மெத்தையின் ஓரத்தில் உட்கார வேண்டும். அப்புறம் மல்லாந்து படுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு புரளல், அந்தப் பக்கம் ஒரு புரளல். கடைசியில் குப்புறப் படுத்து, மெத்தையில் காதை வைத்து, உள்ளே ஸ்பிரிங் ஏதாவது முனகுகிறதா என்று கேட்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை சாக்பீஸால் ஒரு டிக். இல்லையென்றால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அவர் முதுகு ஒப்புக்கொள்ளாத மெத்தை அந்தக் கம்பெனி வாசலைத் தாண்டியது கிடையாது.

இந்த வேலைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, உடம்பு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மாதம் ஒருமுறை பஞ்சு மூட்டை நிறுக்கிற தராசில் அவரையும் ஏற்றி நிறுப்பார்கள். இரண்டு, மெத்தையில் தூங்கக் கூடாது. கண் அசந்தது தெரிந்தால் அரைநாள் சம்பளம் போச்சு. சேர்ந்த புதிதில் இப்படிச் சில அரைநாள்களைத் தொலைத்த பிறகு, உருளை தன் உடம்பைப் பழக்கிவிட்டார். முதுகு மெத்தையில் பட்டதும் கண் பட்டென்று திறந்துகொள்ளும். காது விடைத்துக்கொள்ளும். விரல்கள் தாமாகவே தையலைத் தேடிப் போகும்.

பழக்கம் கம்பெனியோடு நின்றால் தேவலை. வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் புது மெத்தையில் படுத்தவர் விடிய விடிய முழித்துக்கொண்டு, "நடுவுல ஒரு ஸ்பிரிங் லேசா முனகுது, கேட்டியா?" என்று புது மனைவியை எழுப்பி எழுப்பிக் கேட்டார். அவள் அழாத குறை. அன்றிலிருந்து உருளை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, தையல் ஸ்டூலில் காலை நீட்டித் தூங்குவார். தூக்கம் என்றால் அப்படி ஒரு தூக்கம். மனைவி கட்டிலில் தனியாக, நடுநாயகமாக, கையைக் காலை விரித்துப் படுப்பாள். குடும்பம் நிம்மதியாக நடந்தது.

நிம்மதிக்கு ஒரே இடைஞ்சல் மச்சினன். மனைவியின் தம்பி. முட்டை மொத்த வியாபாரம். சொந்தமாகக் கடை, சொந்தமாக வண்டி, சொந்தமாக ஒரு வாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓர் அட்டை முட்டையோடு வந்துவிடுவான். முட்டையை வைத்துவிட்டுப் போக மாட்டான்.

"என்ன மாமா, வாரம் பூரா கடுமையான வேலையோ? கூட ரெண்டு தடவை புரண்டிருப்பீங்க போல, முகமெல்லாம் வாடிக் கெடக்கே!"

"போடா, உனக்கு என்ன தெரியும்."

"தெரியாது மாமா. நான் நின்னுகிட்டே வேலை செய்யற சாதாரண ஆளு."

மனைவி வாய்க்குள்ளேயே சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் உருளையைச் சுடும். மச்சினன் கிண்டலைத் தட்டிவிட்டுப் போகலாம். தன் வீட்டுக்காரியே தன் வேலையை ஒரு வேலையாக நினைக்கவில்லையோ என்கிற சந்தேகத்தை எங்கே தட்டிவிடுவது?

சரி, இடுப்புக்கு வருவோம். குனிந்தபடியே கம்பெனிக்குப் போனார். வாசலில் வாட்ச்மேன், "என்னண்ணே, சில்லறை எதுவும் விழுந்துடுச்சா?" என்று அவனும் சேர்ந்து தரையைத் தேட ஆரம்பித்துவிட்டான். கம்பெனி டாக்டர் அவரைக் குப்புறப் போட்டுத் தட்டிப் பார்த்து, மல்லாத்திப் போட்டு மடக்கிப் பார்த்து, கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்.

"எலும்புக்கு ஒண்ணுமில்லை. தசைதான் பிடிச்சிருக்கு. ஒன்றரை மாசம் நல்ல மெத்தையில நேரா படுத்தே இருக்கணும். தரை கூடாது. நாற்காலி கூடவே கூடாது. வேலையைப் பத்தி நினைக்கவே கூடாது."

"டாக்டர், என் வேலையே மெத்தையில படுக்கறதுதான்."

"வேலை கூடாதுன்னா கூடாது."

"படுக்கணும்னு நீங்கதானே சொல்றீங்க?"

"படுங்க. வேலை செய்யாதீங்க."

உருளை தலையைச் சொறிந்துகொண்டு மேனேஜரிடம் போனார். மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் சட்டதிட்டம் என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் கேட்டுக்கு வெளியே நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்.

"சார், நான் இங்கேயே மெத்தையில படுத்துக்கறேன். டாக்டர் சொன்ன மாதிரியும் ஆச்சு, கம்பெனி வேலையும் ஆச்சு."

"அதெப்படி? டாக்டர் தகுதிச் சான்று குடுக்காம உங்களை உள்ளே விட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது? வீட்டுக்குப் போங்க. உடம்பைப் பாருங்க."

அவ்வளவுதான். வாட்ச்மேன் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

வீட்டில், கம்பெனி ஆட்களுக்குச் சலுகை விலையில் கொடுத்த, சுருட்டி எடுத்துப்போகிற மாதிரியான புது மாடல் மெத்தை ஒன்று சமீபத்தில்தான் வந்திருந்தது. அதில் உருளையை நேராகக் கிடத்திவிட்டு, மனைவி கட்டிலைவிட்டு இறங்கித் தரையில் பாய் விரித்துக்கொண்டாள். உருளை கண்ணை மூடினார். கண் திறந்துகொண்டது. மறுபடி மூடினார். காது விடைத்தது. விரல்கள் மெல்ல ஊர்ந்து தையலைத் தடவின. சாயங்காலத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. இடது ஓரம் அமுங்குகிறது.

"ஏய், இங்க வாயேன். இடது ஓரம் அமுங்குது."

"அமுங்கட்டும். உங்களைப் படுத்து ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க."

"ரெஸ்ட்தான் எடுக்கறேன். ஆனா இடது ஓரம் அமுங்குது."

ஒன்றரை மாதம் இந்தக் கூத்து நடந்தது. மனைவி ரவிக்கைக்குக் கை வெட்டுவாள், கழுத்து வெட்டுவாள். நடுவில் திரும்பிப் பார்த்தால் உருளை பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பார். "சும்மா கிடங்களேன்!" என்று கத்துவாள். கொஞ்ச நேரம் கிடப்பார். அப்புறம் கால் கட்டைவிரல் மட்டும் தனியாகக் கிளம்பி மெத்தையின் கால்மாட்டுப் பக்கத்தை அளக்கப் போகும். பொறுக்க முடியாமல் மேனேஜருக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். "ரெஸ்ட் எடுங்க" என்று மேனேஜர் வைத்துவிட்டார். மறுநாளும் போட்டார். ராத்திரி தூக்கமில்லை, பகலில் ஓய்வில்லை. பிரம்பு நாற்காலி மூலையில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முட்டையோடு வந்த மச்சினன் வாசலில் நின்று பார்த்தான்.

"ஓகோ! வேலையை வீட்டுக்கே எடுத்துட்டு வந்துட்டீங்களா மாமா?" என்று கேட்டு, அவன் சொன்னதற்கு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

ஒருவழியாக இடுப்பு நிமிர்ந்தது. டாக்டர் தகுதிச் சான்று எழுதிக் கொடுத்தார். உருளை துவைத்த சாக்ஸ் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போய், ஆசை தீர முழுநாளும் உருண்டார். மாதக் கடைசியில், விட்டுப்போனதும் சேர்ந்து வரும் என்று சம்பளச் சீட்டைப் பார்த்தால், ஒன்றரை மாதத்துக்கும் பட்டை நாமம்.

மேனேஜரிடம் ஓடினார்.

"லீவு கேட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

"இல்லை சார். வேலை செய்யறேன்னுதான் கேட்டேன்."

"லீவு கேட்டிருந்தா மருத்துவ விடுப்புச் சம்பளம் வந்திருக்கும். கேட்கலை. சரி, வேலை செஞ்சீங்களா?"

"நீங்கதான் விடலையே சார்."

"ஆக, லீவும் இல்லை, வேலையும் இல்லை. ரெண்டும் இல்லாததுக்கு எந்தக் கணக்குல சம்பளம் போடறது? பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு!"

தெளிவாகத்தான் இருந்தது. அந்தத் தெளிவில் உருளைக்குத் தலை சுற்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம் மச்சினன் காதுக்குப் போனது. அவன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. முட்டை அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. நான் விளையாட்டுக்குச் சொல்லலை. நீங்க திரும்பிப் போற வரைக்கும் அந்தக் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒன்றரை மாசம் நீங்க இல்லாம ஓடியிருக்கு. இது ஒரு வேலையா? பேசாம நம்ம கடைக்கு வந்துடுங்க. ஸ்டூல் போட்டுத் தர்றேன். உடைஞ்ச முட்டையைத் தனியா எடுத்து வைக்கணும், அவ்வளவுதான்."

"சம்பளத்தை வாங்கிக் காட்டறேன்டா."

"வாங்கிட்டீங்கன்னா இனிமே நான் வாயைத் திறக்க மாட்டேன். வாங்கலைன்னா?"

உருளை மனைவியைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோக்கிற மும்முரத்தில் இருந்தாள். ஒரு வார்த்தை இவருக்காகப் பேசக் கூடாதா!

"வாங்கலைன்னா உன் கடைக்கு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டார் உருளை. சொன்ன பிறகுதான் முட்டை ஞாபகம் வந்தது. முட்டை வாசனையே அவருக்கு ஆகாது. மெத்தையை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது; தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. காலையில் புது மெத்தையின் மேல் முதன்முதலாக முதுகைச் சாய்க்கிற அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் வேலைக்கே போகிறார். அதை விட்டுவிட்டு மச்சினனிடம் கைகட்டி, உடைந்த முட்டையை எண்ணுவதா?

தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அதில் கடைசி வரி, 'ஆதாரம் ஏதேனும் இருப்பின் உடன் கொண்டுவரவும்.' வேறு யாராக இருந்தாலும் மருத்துவச் சீட்டையும் சம்பளச் சீட்டையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். உருளை யோசித்தார். தன்னிடம் இருக்கிற ஆதாரம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டினார்.

மச்சினன் முட்டை வண்டியில்தான் மெத்தை ஏறியது. மாமா தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவனே சந்தோஷமாக வந்தான். தொழிலாளர் அலுவலகம் இரண்டாவது மாடியில். படிக்கட்டு ஓர் ஆள் ஒதுங்கிப் போகிற அகலம். உருளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, மெத்தையின் ஒரு முனையை மனைவியும் மறு முனையை மச்சினனும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். முதல் திருப்பத்தில் கயிறு அவிழ்ந்து, மெத்தை 'பொத்'தென்று விரிந்து மச்சினனைச் சுவரோடு சேர்த்து அமுக்கிவிட்டது. மேலே இருந்து வந்தவர்கள் எல்லாம் மெத்தை மேல் ஏறி இறங்கிப் போனார்கள்.

"அக்கா... மூச்சு..." என்று அடியில் இருந்து குரல் வந்தது.

"எந்தப் பக்கம் இருக்கே மாப்ளே?" என்று உருளை அக்கறையாகக் கேட்டார். "இடது பக்கமா நகரு. அந்த ஓரம் அமுங்கும்."

அதிகாரியம்மா வயதானவர், மூக்குக் கண்ணாடி, மேசை மேல் மலை மாதிரி ஃபைல்கள். கதவில் நுழைந்த மெத்தையை அவர் வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் தட்டச்சு செய்கிற பெண்ணையும் பார்த்தார். 'நமக்கென்று எங்கிருந்து வருகிறார்களோ' என்று அந்தப் பார்வையிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"ஆதாரம் மேடம்," என்றார் உருளை.

அதிகாரியம்மா நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். மெத்தையைத் தரையில் விரிக்கச் சொன்னார், நிற்க வைத்தால் மின்விசிறியில் இடித்தது. எதிர் நாற்காலியில் மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க. உங்க கோரிக்கை என்ன?"

உருளை மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தார். "மேடம், கம்பெனியில என் வேலை மெத்தையில படுக்கறது. வீட்டுலயும் நான் இதே கம்பெனி மெத்தையிலதான் படுத்திருந்தேன். அங்க படுத்தாலும் படுக்கறதுதான், இங்க படுத்தாலும் படுக்கறதுதான். ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? அதனால சம்பளம் தரணும்."

சொல்லும்போதே அவருக்குச் சுருக்கென்றது. ரெண்டும் ஒண்ணுதான்! மச்சினன் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இன்று தானே சர்க்கார் அலுவலகத்தில் வந்து சொல்லும்படி ஆகிவிட்டதே. பின்னால் மச்சினன் குலுங்கிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. உருளை திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜர் எழுந்தார். மேசையில் கையை ஊன்றினார். கேளுங்கள் அந்த மனிதர் பேசியதை.

"மேடம், இதை நான் வன்மையா மறுக்கறேன். ரெண்டும் ஒண்ணுன்னு எப்படிச் சொல்லலாம்? இவர் செய்யறது லேசுப்பட்ட வேலையா? இந்த வேலைக்கு எத்தனையோ பேரைப் போட்டுப் பார்த்தோம் மேடம். ஒருத்தர் படுத்த உடனே குறட்டை. இன்னொருத்தருக்கு எந்த மெத்தையில படுத்தாலும் 'ஆகா, பிரமாதம்'. மூணாவது ஆளு உருண்டு கீழே விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டார். இவர் முதுகு ஒரு கருவி மேடம்! மெத்தையில இவர் இருக்கறப்போ மூளையில இருந்து முழங்கால் வரைக்கும் வேலை செய்யுது. எங்க கம்பெனி பேரே இவர் முதுகு மேலதான் நிக்குது. இதைப் போய், வீட்டுல சும்மா மல்லாந்து கிடக்கறதோட சேர்த்துப் பேசலாமா? அடுக்குமா மேடம்?"

மச்சினன் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டச்சுப் பெண் விரலை எடுத்துவிட்டு உருளையை மரியாதையாகப் பார்த்தாள். போன வருஷம் போனஸ் கேட்கப் போனபோது "படுத்து எந்திரிக்கறதுக்கு போனஸ் வேறயா?" என்று கேட்ட வாய் இது. அதே வாயா இப்படிப் பேசுகிறது? உருளைக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி மனைவியைப் பார்த்தார், 'கேட்டாயா?' என்பது போல. அவள் வாயைப் பிளந்துகொண்டு மேனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் அதிகாரியம்மா.

இந்த இடத்தில் கொஞ்சம் புத்தி உள்ள மனிதன் மறுத்துப் பேசியிருப்பான். உருளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "சார் சொல்றது நூத்துக்கு நூறு சரி மேடம்."

"என்னது?"

"ரெண்டும் ஒண்ணில்லை மேடம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். சும்மா படுக்கறது வேற. நான் படுக்கறது வேற."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறதல்லவா? மேனேஜருக்கே பொறுக்கவில்லை. "நீங்க யார் பக்கம்?" என்று மெதுவாகக் கேட்டார். மச்சினன் உருளையின் காதருகே குனிந்து, "மாமா, நாளைக்குக் காலையில சீக்கிரம் வந்துடுங்க. ஸ்டூலைத் துடைச்சு வெக்கறேன்," என்றான். அதிகாரியம்மா பேனாவை மூடிக்கொண்டு, "அப்ப கோரிக்கையை நீங்களே கைவிட்ட மாதிரி ஆகுது. எழுதிக்கோம்மா..." என்று ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க!"

கத்தியது மனைவி. கத்திவிட்டு அவளே திடுக்கிட்டாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மேடம், இந்த மனுஷன் எங்க மேடம் வீட்டுல சும்மா கிடந்தாரு? ஒரு நாளாவது சும்மா கிடந்திருந்தா நான் ஏன் தொண்டை கிழியக் கத்தப் போறேன்? மெத்தையைக் கண்டா போதும், இவருக்கு டியூட்டி வந்துடும் மேடம். எங்க வீட்டுல இத்தனை வருஷமா இவர் நாற்காலியிலதான் தூங்கறாரு! டாக்டர் நாற்காலி கூடாதுன்னுட்டாரு. ஒன்றரை மாசம் பொட்டுத் தூக்கம் இல்லை. அமுக்கறாரு, தடவறாரு, காதை வெச்சுக் கேக்கறாரு. 'இடது ஓரம் அமுங்குது, இடது ஓரம் அமுங்குது'ன்னு, எனக்குக் கனவுலகூட இடது ஓரம்தான் மேடம் வருது!"

உருளை ஆடு திருடினவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி. இந்த மெத்தைதானே? இதுல படுங்க. வேலை செய்ய வேண்டாம். சும்மா படுத்துக் காட்டுங்க."

உருளை செருப்பைக் கழற்றினார். மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். மெதுவாகச் சாய்ந்தார். முதுகு பட்டதுதான் தாமதம், கண் பட்டென்று திறந்துகொண்டது.

"கண்ணை மூடுங்க," என்றார் அதிகாரியம்மா.

மூடினார். காது விடைத்தது. வலது கை மெல்ல ஊர்ந்தது.

"கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

கையை மார்பில் கட்டிக்கொண்டார். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வராந்தாவில் வேறு வழக்குக்கு வந்தவர்கள் எல்லாம் கதவருகே கூடிவிட்டார்கள். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. சும்மா இருப்பதற்கு ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட்டு யாரும் பார்த்திருக்க முடியாது. கால் கட்டைவிரல் ஒன்று மட்டும், தான் எந்தக் கூட்டத்திலும் சேர்ந்தவன் இல்லை என்பது போல, மெல்லக் கிளம்பியது. தோள் ஓர் அழுத்து அழுத்தியது.

"மேடம்," என்று கண்ணை மூடிக்கொண்டே உருளை சொன்னார், "மன்னிச்சுக்குங்க. படிக்கட்டுல இவ்வளவு பேர் மிதிச்சதுல இப்ப வலது ஓரமும் அமுங்குது."

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு துள்ளி எழுந்தார். கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"பார்த்தீங்களா மேடம், பார்த்தீங்களா! இதேதான்! ரெஸ்ட் எடுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார். கேட்டாரா? வீட்டுல இருந்து தினமும் ஃபோன் மேடம்! அது அமுங்குது, இது முனகுதுன்னு என் உயிரை வாங்கிட்டார்! வேலையே செய்யக் கூடாதுன்னு எழுதிக் குடுத்த காலத்துல இவர் பாட்டுக்கு வேலை செஞ்சிருக்கார்! இது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம்!"

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார். கடைசியா என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க, சரியா எழுதிக்கட்டும்."

மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, தட்டச்சுப் பெண்ணின் பக்கம் திரும்பியே சொன்னார்: "ஓய்வுக் காலம் முழுதும், அனுமதி இல்லாமல், இவர் கம்பெனி வேலையைச் செய்திருக்கிறார்."

தட்டச்சுப் பொறி படபடவென்று ஓடியது. ஓடி நின்றது.

"நல்லது," என்றார் அதிகாரியம்மா. "வேலை செஞ்சிருக்கார்னு நிர்வாகமே ஒத்துக்கிட்டாச்சு. செஞ்ச வேலைக்குச் சம்பளத்தைக் குடுத்துடுங்க. கையெழுத்துப் போடுங்க."

மேனேஜர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அப்புறம் டையைத் தளர்த்திக்கொண்டு கையெழுத்தைப் போட்டார். வராந்தாவில் யாரோ கை தட்ட, கூட்டம் முழுக்கக் கை தட்டியது. உருளை இன்னும் மெத்தையில்தான் இருந்தார். எழுந்திருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே!

சம்பளம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. மேனேஜர் சட்டப்படி நடக்கிற மனிதர் ஆயிற்றே, ஒழுங்கு நடவடிக்கை என்று சொன்னால் எடுத்தே தீருவார். கம்பெனி முத்திரை போட்ட ஒரு மெமோ. அதோடுதான் உருளை வீட்டுக்கு வந்தார். சம்பளக் கவரை மனைவி கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்ததும் மெமோவை அவன் கையில் கொடுத்தார்.

"கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன் மாப்ளே. கொஞ்சம் படியேன்."

கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. மச்சினன் முட்டை அட்டையை வைத்துவிட்டு வாங்கிப் படித்தான்.

"'மருத்துவர் ஓய்வெடுக்கும்படி அறிவுறுத்தியிருந்தும், தாங்கள் அதனை மீறி, இரவு பகல் பாராமல், இடைவிடாது பணியாற்றியுள்ளீர்கள் என்பது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது...'"

"மெதுவாப் படி. 'இரவு பகல்'ல இருந்து."

மச்சினன் மறுபடி படித்தான். இந்த முறை கொஞ்சம் மெதுவாக. மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

"'...ஆகவே, இனி ஓய்வுக் காலத்தில் எக்காரணம் கொண்டும் பணி செய்ய மாட்டேன் என்று கையொப்பமிட்டு உறுதி அளிக்க வேண்டும்.' அவ்வளவுதான் மாமா. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க, விட்டுத் தொலையட்டும்."

"எப்படிடா போடறது?" என்றார் உருளை. அவர் முகத்தில் நிஜமான கவலை. "மெத்தையில படுத்தா நான் வேலை செய்வேனே. பொய்க் கையெழுத்தா போடச் சொல்றே?"

மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிண்டல்தான் வரப் போகிறது என்று உருளை காத்திருந்தார். வரவில்லை. அவன் அக்காவைப் பார்த்தான்.

"போட வேண்டாம்," என்றாள் அவள். "அவரால முடியாதுடா. நான்தானே கூட இருந்து பார்த்தேன்."

உருளை அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஒன்றரை மாதம் கண்ணை மூட முடியாமல் கிடந்த மனிதருக்கு அந்த நிமிஷம் நின்றபடியே தூங்கிவிடலாம் போல மனது லேசாகிவிட்டது.

மச்சினன் சட்டைப் பையில் இருந்து முட்டைக் கணக்கு எழுதுகிற பேனாவை எடுத்தான். மெமோவைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கத்தில் பதில் எழுத ஆரம்பித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் எழுதினான். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினான்.

"'ஐயா, தாங்கள் கேட்ட உறுதியை அளிக்க இயலாது. எங்க மாமாவுக்குச் சும்மா படுத்திருக்கத் தெரியாது...'"

"டேய், எங்க மாமாவா?" என்றாள் அக்கா. "அவரே எழுதற மாதிரி எழுதணும்டா. அதை அடி."

"அடிக்காதே," என்றார் உருளை. "அப்படியே இருக்கட்டும்." பேனாவை வாங்கி, கீழே கையெழுத்தைப் போட்டார்.